அமெரிக்காவிலும் கேட்கிறார்கள்

லீட்ஸ், 19 ஜனவரி 1986

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிரிஜட் எழுதுவது.

நான் சுகம். போன மாதம் பிடித்த இருமல் ஒருவழியாக விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாரா, இல்லை டப்பாவில் போட்டுச் சேர்த்து வைக்கிறாரா?

இந்தக் கடிதத்தை அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். நல்ல செய்தி. எடின்பரோவில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கணிதம் படிக்கும் ஒரே ஒரு மாணவரைத் தம்மோடு ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வார். இந்த வருஷம் என்னை எடுத்திருக்கிறார்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். பேங்கில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள் ஏகப்பட்ட சுவிட்சுகள். ஒவ்வொன்றும் போட்டிருக்கும் அல்லது அணைந்திருக்கும். இவர் யோசிப்பது அணுவுக்குள் நடக்கும் விதிகளின்படி ஓடும் வேறொரு கம்ப்யூட்டர். அதில் ஒரு சுவிட்ச் இரண்டு நிலையையும் சேர்த்தே வைத்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனி எடை உண்டு. எடை கழித்தல் குறியோடும் வரலாம். அதனால் தப்பான விடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோக, சரியானது மட்டும் மிஞ்சும்படி செய்ய முடியுமா? இதற்குக் கணக்குப் போட வேண்டும். அந்தச் சுவிட்சுகளை அசைக்கக் குறைந்தது எத்தனை வகை அசைவுகள் இருந்தால் போதும், அவற்றைக் கோத்தே எந்தப் பெரிய அசைவையும் கட்டிவிடலாமா என்று நான் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். "இதை யாரும் இன்னும் கேட்கவில்லை, நீயே வந்து பதில் சொல்" என்றார். அப்பா, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி ஒரு மெஷின் இன்னும் உலகத்தில் எங்கேயும் கிடையாது. சிரிக்காதீர்கள்.

நன்றாகச் செய்தால் அக்டோபரிலிருந்து மூன்று வருஷ ஆராய்ச்சிப் படிப்புக்கும் வைத்துக்கொள்வாராம். கோடைக்கு வீட்டுக்கு வர முடியாது என்பதுதான் ஒரே வருத்தம். "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். பிப்ரவரிக் கடைசி வரை தவணை கொடுத்தார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தமக்கே எழுதலாம் என்று முகவரியும் கொடுத்தார், கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
பிரிஜட்


சிங்கப்பூர், 29 ஜனவரி 1986

மகள் பிரிஜட்டுக்கு அப்பா சிலுவைராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். பிடோக்கில் லிஃப்ட் நம் மாடியில் நிற்காததால், அந்த ஒரு மாடி ஏறி இறங்கும்போது மட்டும் உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது. டன்லப் ஸ்திரீட்டில் வியாபாரம் மந்தம். இந்தப் பொங்கலுக்கு எவர்சில்வர் பானை எடுக்கக்கூட ஆள் வரவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இல்லாத மெஷினுக்கு இப்பவே கணக்கா?" என்றாள். "சரக்கு வர்றதுக்கு முன்னாடி ரேக் அடிச்சு வைக்கிறோமில்ல, அந்த மாதிரி" என்றேன். சரிதானே? எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒருவருக்கு ஒரே ஆள் வேண்டும், அந்த ஆள் நீ என்பது நன்றாகப் புரிந்தது.

எனக்குப் பிடிக்காதது ஒரே இடம். 'நன்றாகச் செய்தால்' என்று எழுதியிருக்கிறாயே, அது. கோடை முழுக்க வேலை வாங்கிக்கொண்டு அக்டோபரில் கையை விரித்தால் நீ எங்கே போய் நிற்பாய்? மூன்று வருஷத்தையும் இப்போதே எழுத்தில் வாங்க வேண்டும். அதனால் நேற்றே பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். பக்கத்துத் துணிக்கடை சாகுல் ஹமீதுதான் டைப் அடித்தார்.

"அண்ணே, இது லெட்டரா, கொட்டேஷனா?" என்றார்.

"ரெண்டுந்தான். நீ அடி லா."

எழுதியது இதுதான்: என் மகளை அமெரிக்காவில் ஒரு பெரிய யுனிவர்சிட்டியிலும் கேட்கிறார்கள். முழுப் படிப்புக்கும் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தங்கள் மேல்தான் மதிப்பு. தாங்கள் மூன்று வருஷத்தையும் இப்போதே உறுதி செய்தால் வேறு பக்கம் பார்க்க மாட்டோம்.

அமெரிக்கா எங்கிருந்து வந்தது என்று திகைக்காதே. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிகளில் தோளில் பாத்திர மூட்டையோடு ஏறி இறங்கிய நாளிலிருந்து நான் சொல்லிவருவதுதான். "எதிர் வீட்டம்மா இதையே கேட்டாங்க, உங்களுக்காக வச்சிருக்கேன்." வாங்குகிறவருக்கும் தெரியும், எதிர் வீட்டில் ஆளே இல்லை என்று. அவர், "பக்கத்துக் கடையில கொறைச்சுத் தர்றான்" என்பார். எனக்கும் தெரியும், அவர் அந்தக் கடைக்குப் போகவே இல்லை என்று. இப்படி இரண்டு பேச்சுப் பேசித்தான் விலைக்கு வருவோம். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

உன் அம்மாதான், "ஏங்க, அவர் வாத்தியார். தேக்கா மார்க்கெட்டுல மீன் விக்கிறவர் இல்ல" என்றாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது. அவர் இறங்கி வரும்வரை நீ பதில் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


லீட்ஸ், 7 பிப்ரவரி 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அம்மாவுக்கு வணக்கம்.

அப்பா, அந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை என்றால் போடாதீர்கள். போட்டுவிட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே எழுதியது எழுதியதுதான். அமெரிக்கா என்றால் அமெரிக்கா என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர் அப்படிப்பட்டவர். நான் விளையாட்டாகச் சொன்ன ஒன்றைக்கூடக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த முறை விசாரித்தவர்.

இன்று வெள்ளி மாலை. போன் அடித்தேன், எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை முதல் ரயிலில் நேரே போகிறேன்.

பிரிஜட்


சிங்கப்பூர், 14 பிப்ரவரி 1986

மகள் பிரிஜட்டுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நாங்கள் சுகம். சீனப் பெருநாளுக்குக் கடைத்தெரு இரண்டு நாள் அடங்கிக் கிடந்து இப்போதுதான் கண் விழிக்கிறது. உன்னிடமிருந்து தபால் இன்னும் வரவில்லை.

பேராசிரியரிடமிருந்து பதில் வந்துவிட்டது! அதுவும் இத்தனை சீக்கிரம். சாகுல் படித்துச் சொன்னார். தங்கள் மகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்ததில் மெத்த மகிழ்ச்சி, அவளுக்குத் தகுதியானதுதான், நான் மூன்று வருஷத்துக்கு இப்போதே வாக்குக் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறேன், அவளைத் தடுத்து நிறுத்த எனக்கு உரிமை இல்லை, ஆகவே என் இடத்தை அடுத்த மாணவருக்குக் கொடுத்துவிடுகிறேன், அமெரிக்காவில் அவள் சிறந்து விளங்கட்டும்.

படித்து முடித்ததும் நானும் சாகுலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

"பலே ஆளுண்ணே! வேற கஸ்டமர் இருக்குன்னு திருப்பிப் போடுறாரு."

"பின்ன? நம்மள விடப் பெரிய கடை வச்சிருக்கிறவரு."

அவரும் ஒரு படி ஏறி நிற்கிறார், அவ்வளவுதான். இப்போது நாம் அவசரப்பட்டால் விழுந்துவிடுவோம். நீ வாயே திறக்காதே. மாதக் கடைசிக்குள் அவரே கூப்பிடுவார். என் அனுபவத்தில் 'அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்று சொன்ன எவரும் கொடுத்ததில்லை.

குளிருக்குக் கம்பளி போதுமா? எழுது.

அப்பா


சிங்கப்பூர், 8 மார்ச் 1986

மகள் பிரிஜட்டுக்கு அப்பா எழுதுவது.

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். உன் 7-ஆம் தேதிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உன் விடுதிக்கு டிரங்க் கால் போட்டேன். ஒரு பெண் எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே பெண், அதே பதில். ஆனால் அந்த முறை சொல்வதற்கு முன் யாரையோ திரும்பிக் கேட்டாள். நான் கடைக்காரன், பிரிஜட். சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிற குரல் எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தைப் படித்த அன்றே பேராசிரியருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அமெரிக்காவில் யாரும் கேட்கவில்லை, அப்படி எழுதியது நான், என் மகளுக்குத் தெரியாமல் எழுதினேன், இது எங்கள் கடைத்தெருப் பேச்சு, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சாகுல் டைப் அடித்துவிட்டு, "சாரி போடவாண்ணே?" என்றார். போடச் சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு அந்தச் சொல் நான் எழுதியது இதுதான் முதல் தடவை. பதில் இல்லை.

உன் அம்மா தினமும் சாயங்காலம் கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். முழங்காலைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை.

என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுது. எது என்றாலும் எழுது.

அப்பா


லீட்ஸ், 18 மார்ச் 1986

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

செராங்கூன் ரோட்டில் ஹோட்டல் கட்டடம் இடிந்து விழுந்ததாக இங்கே டிவியில் காட்டினார்கள். ஓவன் ரோடு மூலை என்றார்கள். அப்பா சனிக்கிழமை காலையில் வசூலுக்கு அந்தப் பக்கம்தானே போவீர்கள்? நீங்கள் சுகமா? சாகுல் மாமா சுகமா? உடனே தந்தி கொடுங்கள்.

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

எடின்பரோ போனேன். பேராசிரியர் டீ போட்டுக் கொடுத்து, அமெரிக்காவில் எந்த ஊர் என்று சந்தோஷமாகக் கேட்டார். எந்த ஊரும் இல்லை என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைவிட அவர்தான் வெட்கப்பட்டார். இடத்தை முந்தின வாரமே ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் சொந்த ஊரில் கிடைத்திருந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டு வருகிறான். "நீ கேட்டால் அவனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. என் கேள்வியை அவன் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

நான் திரும்பி வந்த பிறகு உங்கள் இரண்டாவது கடிதம் அவருக்குக் கிடைத்ததாம். நகல் எடுத்து எனக்கு அனுப்பினார்.

மே மாதம் பரீட்சை. படிக்க வேண்டும்.

பிரிஜட்


சிங்கப்பூர், 1 ஏப்ரல் 1986

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். நாங்கள் மூவரும் சுகம். சாகுலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று காலை வசூலுக்குக் கிளம்பிய என்னை ஒரு கல்யாண ஆர்டர் கடையிலேயே பிடித்து நிறுத்திவிட்டது. சத்தம் டன்லப் ஸ்திரீட் வரை கேட்டது. அடுக்கியிருந்த தட்டுகள் அதிர்ந்தன. ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட வந்த வெளிநாட்டு ஆட்கள் இடிபாட்டுக்குள் குடைந்து போய் மனிதர்களை உயிரோடு இழுத்து வந்தார்கள். ஈஸ்டர் பூசையில் இறந்தவர்களைப் பெயர் பெயராகப் படித்தோம்.

ஒரு கட்டடம் இடிந்து விழ வேண்டியிருந்தது, உன்னிடமிருந்து கடிதம் வர.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேராசிரியர் டீ போட்டுக் கொடுத்த இடத்தில், "நிறுத்துங்க" என்று எழுந்து போய்விட்டாள். மீதியை நான் தனியாகப் படித்தேன்.

பிரிஜட், முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். நஷ்டம் வந்தால் யாரால் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். கூட்டாளியை அப்படித் திட்டியிருக்கிறேன், கப்பல் ஏஜெண்டைத் திட்டியிருக்கிறேன். இது என்னால் வந்தது. உன் கடிதத்தில் பையன் இருக்கிறான், பேராசிரியர் இருக்கிறார், டீ இருக்கிறது. 'உங்களால்தான் அப்பா' என்று எங்கேயும் இல்லை. அதை எழுது. நன்றாகத் திட்டி எழுது. அம்மாவுக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.

உன் கேள்வியை ஏன் கொடுத்தாய்? இடம் போனது சரி. கேள்வி உன்னுடையதுதானே? அதை வைத்துக்கொண்டு வேறு யாரிடமாவது போகலாமே?

பரீட்சைக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


லீட்ஸ், 14 செப்டம்பர் 1986

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். தங்கள் நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் தேவலையா? அனுப்பிய கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் சிதறாமல் வந்து சேர்ந்தன.

பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியது பற்றி ஜூலையில் எழுதினேன். இப்போது இந்த ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். கணக்குக்கு ஆள் கிடைக்காததால் எனக்காக வேலை பெர்மிட் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம். தலைமையாசிரியை கண்டிப்பானவர், நல்லவர். இந்தப் பெண்களுக்குப் பின்னம் என்றால் பயம். பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்கிறார்கள்.

என் கேள்வியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்கக்கூடிய இடம் உலகத்தில் இரண்டு மூன்றுதான். வெளிநாட்டு மாணவிக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வர இயலாது. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
பிரிஜட்


சிங்கப்பூர், 8 டிசம்பர் 1986

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ கேட்டபடி நலம். அம்மாவும் நலம்.

உன் கடிதங்கள் மாதம் தவறாமல் வருகின்றன. நலம் என்கிறாய், ஆவல் என்கிறாய், முழங்காலை விசாரிக்கிறாய். முன்னெல்லாம் 'சிரிக்காதீர்கள்' என்று எழுதுவாய். நான் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் உனக்கு ஒன்றாகிவிட்டதா?

சாகுலிடம் சொன்னேன். "வாத்தியார் வேலைதானேண்ணே, நல்ல வேலைதானே? எம் மச்சினன் பொண்ணு கெடைக்காம அலையுது" என்றார். நல்ல வேலைதான். கடைக்கு வருகிறவர்களிடம், "மக லண்டன்ல டீச்சர்" என்று சொல்கிறேன். லீட்ஸ் என்றால் இங்கே யாருக்கும் தெரிவதில்லை. "அவ ஏதோ ரிசர்ச் பண்ணப் போறான்னீங்களே?" என்று சிலர் கேட்கிறார்கள். உடனே வேறொரு பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

வந்துவிடேன், பிரிஜட். இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அம்மா உன் அறையில் திரைச்சீலை மாற்றியிருக்கிறாள்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. பலகாரப் பார்சல் தனியாக வருகிறது.

அப்பா


சிங்கப்பூர், 29 ஜூன் 1987

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

சுகம். உன் மே மாதக் கடிதமும் இந்த மாதக் கடிதமும் கிடைத்தன. இரண்டிலும் எல்லோரும் நலமாக இருக்கிறோம்.

எடின்பரோவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதனால் நானே கேட்கிறேன்.

பேராசிரியர் எழுதியிருப்பது இது: வரும் அக்டோபரிலிருந்து பிரிஜட்டுக்கு மூன்று வருஷமும் முழுதாக இடம் தருகிறேன் என்று மே மாதமே அவளுக்கு எழுதினேன். இந்த முறை மூன்று வருஷத்துக்கும் வாக்குக் கொடுக்க முடிகிறது. எனக்கு ஓய்வு நெருங்குகிறது. இனி மாணவர் எடுக்க மாட்டேன். ஜூலைக் கடைசிக்குள் பதில் வேண்டும். முதலில் முடியாது என்று எழுதிவிட்டாள். யோசிக்கச் சொன்னேன். தகப்பனாராகிய தாங்களும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நான் கேட்டது அத்தனையும் கொடுத்திருக்கிறார், பிரிஜட். மூன்று வருஷம். எழுத்தில். சாகுல் படித்துவிட்டு, "அண்ணே, நீங்க கேட்ட ரேட்டுக்கே வந்துட்டாரு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் தன் கடைக்குப் போய்விட்டார்.

ஏன் முடியாது என்றாய்? என் மேல் இருக்கிற கோபம் என்றால், என்னோடு பேச வேண்டாம், கடிதம் வேண்டாம், வீட்டுக்கும் வர வேண்டாம். ஆனால் அங்கே போ.

அப்பா


லீட்ஸ், 12 ஜூலை 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், ஒன்றையும் விட வேண்டாம்.

உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது.

போன சித்திரை வாக்கில் எடின்பரோவில் அந்தப் பையன் ஒரு கூட்டத்தில் பேசினான். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் என் கேள்வி இருந்தது. பாதிக்கு மேல் தீர்த்துவிட்டான். ஓர் இடத்தில் நின்றுபோனான். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அந்த இடத்தைத் தாண்டும் வழி தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வழியை ஒரு போஸ்ட்கார்டில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். அவன் அதைப் பேராசிரியரிடம் காட்டியிருக்கிறான். அதிலிருந்துதான் இந்த அழைப்பு.

எனக்குப் போக ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள்.

பள்ளியில் சேரும் அன்று தலைமையாசிரியை கேட்டார், "இடையில் வேறு நல்ல இடம் கிடைத்தால் போய்விடுவாயா?" என்று. "மாட்டேன், இரண்டு வருஷமும் இருப்பேன்" என்றேன். அதை நம்பித்தான் பெர்மிட்டுக்கு எழுதினார். அந்த ஒப்பந்தம் அடுத்த ஜூலை வரை இருக்கிறது. பேராசிரியருக்கு இந்த அக்டோபர். ஒரு வருஷம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன்; அந்தப் பணம் இந்த வருஷத்துக்குத்தான் என்றார்.

போய்க் கேட்டால் தலைமையாசிரியை விட்டுவிடுவார், தெரியும். வருத்தப்பட்டுக்கொண்டே விட்டுவிடுவார். பரீட்சை வகுப்புப் பெண்களுக்கு பள்ளி திறக்கிற நேரத்தில் ஆள் தேடுவார். நான் கேட்கப் போவதில்லை. சொன்ன சொல் சொன்னபடியே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எப்போதிருந்து என்று கேட்காதீர்கள், அப்பா.

உங்களை எனக்குத் தெரியும். தலைமையாசிரியைக்கு எழுத வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். இந்த ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். யாருக்கும் எழுதாதீர்கள்.

பிரிஜட்


சிங்கப்பூர், 4 ஆகஸ்ட் 1987

அன்பு மகள் பிரிஜட்டுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். தேசிய தினத்துக்குத் தெருவெல்லாம் கொடி கட்டுகிறார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். உன் பள்ளிக்கூட முகவரி உன் முதல் சம்பளக் கடிதத்தில் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையாக, சின்னதாக, உள்ளதை உள்ளபடி. இவளுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, உங்களிடம் கேட்க மாட்டாள், நீங்களாக விடுவித்தால் போவாள். சாகுல் டைப் அடித்தார். ஸ்டாம்பும் அவரே ஒட்டினார்.

செராங்கூன் ரோட்டுத் தபால் பெட்டி வரை போனேன். பூக்கடைக்காரர், "என்னண்ணே, மகளுக்கா?" என்று கேட்டார். பெட்டியில் போட நீட்டிய கடிதத்தைத் திருப்பி எடுத்தேன். அப்புறம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"போட்டுட்டீங்களா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"ஏன்?"

"எழுத வேணாம்னு சொல்லிட்டா."

அவள் அழுதுவிட்டாள். "அன்னிக்கு நான் வேணாம்னப்ப எழுதுனீங்க. இந்தத் தடவ எழுதியிருக்கிறது நெசந்தானே? நெசத்தப் போடுறதுக்கு என்ன?"

கடையில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பேராசிரியர் சொன்ன தவணை போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று மாலை கடைசித் தபால் எடுக்க வண்டி வந்து போகிற வரைக்கும் அந்தப் பெட்டியருகே நின்றேன். வண்டி போயிற்று.

நான் யாருக்கும் எழுதவில்லை, பிரிஜட்.

அங்கே இப்போது வெயில் காலம் என்று நினைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா